டீசல் வாகனா, பெற்றோல் வாகனா: மல்லாவித் தம்பி கேட்டது

முல்லைத்தீவு மாவட்டம் மல்லாவியிலிருந்து ஒரு தம்பி, 4 மே 2025

"அண்ணை, நான் தண்ணி இறைக்கிற மெசின் திருத்துகிற வேலை செய்கிறேன். இவ்வளவு நாளும் மோட்டார் சைக்கிளில்தான் ஓடினேன், இனி ஏலாது. இரண்டு மெசின், பைப், வெல்டிங் பிளான்ட் எல்லாம் ஏற்ற வேண்டும். பழைய ஸ்டேஷன் வாகன் ஒன்று எடுக்கப் பார்க்கிறேன். கையில் இரண்டு இருக்கிறது. ஒன்று டீசல், 96ஆம் ஆண்டுக் கொரோலா, டூ-சி என்ஜின். மற்றது பெற்றோல், புறோபொக்ஸ், 2004, ஆயிரத்தைந்நூறு சீசீ. விலை முன்னே பின்னே ஒன்றுதான். ஊரில் எல்லாரும் டீசலை எடு என்கிறார்கள். வேலைக்கு டீசல்தானே சரி?"

5 மே, காலை

டீசல். இதில் கேட்க என்ன இருக்கிறது?

நான் கிளிநொச்சியில் ட்ராக்டர் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். போரில் இடம்பெயர்ந்து 2010 இல் திரும்பி வந்து வீட்டுக்கு ஒழுங்காகக் கூரை போடுவதற்கு முதலே வாங்கியது ஒரு டீசல் வாகன். ஒன்பது வருடம் பெல்ற், பெயாரிங், கலப்பைக் கொழு எல்லாம் ஏற்றிக்கொண்டு முழங்காவில், ஜெயபுரம், ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு எனக் கடை கடையாகப் போட்டேன். அப்போது றோட்டு என்று சொல்ல ஒன்றுமில்லை, கிறவலும் குழியும்தான். நானூறு கிலோ பாரத்தோடு இரண்டாம் கியரில் முணுமுணுத்துக்கொண்டே போகும், அக்சிலேற்றரில் கால் வைக்கவே தேவையில்லை. பெற்றோலுக்கு அந்த இழுவை கீழே கிடையாது, முறுக்கினால்தான் வரும், முறுக்கினால் குடிக்கும். விலையும் டீசல் இருபது முப்பது ரூபா குறைவு. கண்ணை மூடிக்கொண்டு எடும்.

5 மே, இரவு

இருபது முப்பது என்று எழுதியது பழைய ஞாபகம். பின்னேரம் எண்ணெய் செட்டுக்குப் போனபோது பலகையைப் பார்த்தேன். பெற்றோல் 92 லீற்றர் 293, ஓட்டோ டீசல், அதாவது சாதாரண டீசல், 274. பத்தொன்பது ரூபா.

6 மே

"அப்ப நீங்கள் ஏன் இப்ப பெற்றோல் வாகன் ஓடுகிறீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆளை எனக்குத் தெரியும், என் கடையில் கடன் வைத்திருப்பவர், அதனால் கோபிக்கவில்லை. 2019 இல் பெற்றோலுக்கு மாறினேன், உண்மைதான். புகை, சத்தம், வயது, இப்படிப் பல காரணம். அது வேறு கதை. தம்பியின் கேள்விக்கு வருவோம்.

7 மே

கணக்குப் போடாமல் சொன்னது பிழை. போட்டுப் பார்க்கிறேன்.

நாளுக்கு 60 கிலோமீற்றர், மாதம் 25 நாள், ஆக 1,500 கிலோமீற்றர். என் டீசல் வாகன் பாரத்தோடு லீற்றருக்கு 14 ஓடியது, இப்போதிருக்கும் பெற்றோல் வாகன் 12 ஓடுகிறது. அப்படிப் பார்த்தால் டீசல் 107 லீற்றர், ஏறத்தாழ 29,350 ரூபா. பெற்றோல் 125 லீற்றர், 36,625 ரூபா. மாதம் ஏழாயிரத்துச் சொச்சம் டீசலில் மிச்சம். ஊர்ச்சனம் சொல்வது சரி போலத்தான் இருக்கிறது.

ஆனால் இதே கணக்கை 2015 விலையில் போட்டேன். அந்த வருடத் தொடக்கத்தில் பெற்றோலை 117க்கும் டீசலை 95க்கும் குறைத்தார்கள், அந்தப் பலகை இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போது இந்த ஓட்டத்துக்கு டீசல் 10,180, பெற்றோல் 14,625. நூற்றுக்கு முப்பது மிச்சம். இப்போது நூற்றுக்கு இருபதுதான். "வேலைக்கென்றால் டீசல்" என்று எங்கள் வாயில் வருகிற கதை அந்த முப்பது இருந்த காலத்துக் கதை. அன்றைக்கு அது சரி. இன்றைக்கு அதைச் சொல்லுகிற வாய் பழகிப்போன வாய், என்னுடையதையும் சேர்த்துத்தான்.

இன்னொன்று. டீசல் லீற்றருக்குக் கூட ஓடுவது முழுக்க என்ஜினின் கெட்டித்தனமல்ல. டீசல் பாரம் கூடிய எண்ணெய். ஒரு லீற்றர் டீசல் 840 கிராம் அளவில் நிற்கும், பெற்றோல் 740 அளவில். ஒரே போத்தலுக்குள் டீசலில் சூடும் பத்து வீதத்துக்கு மேல் கூட இருக்கிறது. மிச்சம்தான் என்ஜினின் கெட்டித்தனம்: காற்றை நசுக்கிற நசுக்கும், வாயை மூடுகிற திறொட்டில் இல்லாததும். சும்மா நின்று ஓடும்போது டீசல் மிகக் கொஞ்சமாகக் குடிப்பது அதனால்தான்.

9 மே

தம்பி பதில் போட்டிருக்கிறார். நாளுக்கு 60 எல்லாம் இல்லையாம். 25, கூடினால் 30. யோகபுரம், பாலிநகர், வவுனிக்குளம், ஒரு நாள் ஐயன்கன்குளம். ஒரு நாளைக்கு ஏழு எட்டு வயலில் நிற்பார், ஒவ்வொன்றிலும் அரை மணி, ஒரு மணி. வெள்ளிக்கிழமை மட்டும் மாங்குளம் போய் அங்கிருந்து கிளிநொச்சிக்குச் சாமான் எடுக்க ஒரு நீண்ட ஓட்டம்.

இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்தான். ஓட்டம் பாதியாகிவிட்டால் மிச்சமும் பாதி, மாதம் 3,600. வருடத்துக்கு நாற்பத்து மூவாயிரம். பழைய டீசலில் டீசல் பம்பை ஒரு தரம் இறக்கி, எண்ணெய் பீச்சுகிற நொசில் நாலையும் சரிபார்த்தால் அந்தக் காசு போன இடம் தெரியாது.

அதோடு எட்டு இடத்தில் அணைத்து எட்டு இடத்தில் ஸ்ரார்ட் பண்ணுவது. டீசல் என்ஜின் காற்றை இருபத்திரண்டு மடங்குக்கு மேல் நசுக்கித்தான் பற்றவைக்கிறது, பெற்றோலில் அது பத்தளவில். அந்த நசுக்கை உடைத்து என்ஜினைச் சுற்ற ஸ்ரார்ட்டர் பற்றரியை உறிஞ்சும். இரண்டு கிலோமீற்றர் ஓடி நின்றால் பற்றரி உறிஞ்சியதைத் திரும்பப் பெறாது. அதனால்தான் பழைய டீசல்காரர் வாகனத்தை அணைப்பதில்லை. முறிகண்டியில் போய்ப் பாரும். பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, அதைக் கொறித்து முடிக்கும்வரை றோட்டோரத்தில் பத்து என்ஜின் தடதடத்துக்கொண்டு நிற்கும். நானும் அந்த வரிசையில் நின்றவன். மறுபடி ஸ்ரார்ட் வராவிட்டால் என்ற பயம், பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும்.

10 மே

வாகன், வாகனம் இரண்டையும் நான் குழப்புகிறேனாம். வாகன் என்றால் பின்பக்கம் நீண்டு கதவு மேலே திறக்கிறது. வாகனம் என்றால் எல்லாம், முருகனின் மயில் உட்பட. போதுமா?

12 மே

ஒரு திருத்தம். நேற்று தம்பியோடு போனில் கதைத்தபோது, பெற்றோலிலும் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை டைமிங் பெல்ற் மாற்ற வேண்டும், அந்தச் செலவு இரண்டுக்கும் ஒன்று என்று சொல்லிவிட்டேன். பிழை. அவர் பார்த்திருக்கிற புறோபொக்ஸில் உள்ள 1,496 சீசீ என்ஜினுக்குப் பெல்ற் இல்லை, சங்கிலி. டூ-சிக்குத்தான் பெல்ற், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் முட்டிக்கொள்ளும். என் மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டு "பெல்ற் விற்கிற கடைக்காரனுக்கே தெரியாதா" என்று சிரித்தார். நான் விற்பது ட்ராக்டர் பெல்ற் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

பெல்ற் பற்றி இன்னொரு பயமும் இருக்கிறது. வருடாந்த லைசன்ஸுக்கு முதல் புகைச் சோதனை, 2008 இலிருந்து கட்டாயம். பெற்றோல் வாகனத்துக்குச் சைலன்சரில் குழாயை விட்டு வாயுவை அளப்பார்கள், பேசாமல் நிற்கலாம். டீசலுக்கு என்ஜினை ஒரே மிதியில் உச்ச வேகத்துக்குக் கொண்டுபோய்ப் புகையின் கறுப்பை அளப்பார்கள், ஒரு தரமல்ல, பல தரம். பெல்ற் எப்போது மாற்றியது என்று தெரியாத வாகனமென்றால் அந்த ஒவ்வொரு மிதிக்கும் சொந்தக்காரன் கும்பிட்டுக்கொண்டு நிற்பான்.

18 மே

இன்று எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டில் எல்லாரும் கோயிலுக்குப் போய்விட்டார்கள், நான் தனியே இருந்து பழையதை நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் வாகனமும் வந்தது.

அப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ-40 இருந்தது. 90 இல் போரோடு பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோலும் இல்லை, டீசலும் இல்லை, மண்ணெண்ணெய் மட்டும் கொஞ்சம், அதுவும் அளந்து. அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. இளையவர்கள் சிலர் இதைக் கதையென்று நினைக்கிறார்கள், கதையில்லை. மண்ணெண்ணெய் குளிர்ந்த என்ஜினில் ஆவியாகாது, அதனால் ஆரம்பத்தில் மட்டும் பெற்றோல் வேண்டும். சேலைன் போத்தல் ஒன்றில் பெற்றோல் ஊற்றி, அதன் குழாயைக் காபரேற்றருக்குக் கொடுப்போம். என்ஜின் சூடாகியதும் மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவது. நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன் மறுபடி பெற்றோலுக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தரம் காபரேற்றர் நிறைய மண்ணெண்ணெய் இருக்கும், தள்ளியே சாக வேண்டும். அதைத் திருப்புகிற வேலை என்னுடையது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. சங்கக்கடை மதகு வந்ததும் திருப்பு என்பார் அப்பா. ஒரு நாள் மறந்து, அன்றைக்கு ஒரு கிலோமீற்றர் தள்ளினேன்.

அந்தக் கார் அதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் நசுக்கு ஏழளவில்தான் இருந்தது. இப்போதைய பத்தரை நசுக்குப் பெற்றோல் என்ஜினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் கல்லைப் போட்டு அரைத்தது போல் இடிக்கும். தாங்கியது என்றாலும் சும்மா தாங்கவில்லை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்கைத் தாண்டி ஒயிலுக்குள் இறங்கும், ஒயில் தண்ணீராகும், மாற்ற ஒயிலும் இல்லை. டீசல் என்ஜின்களும் மண்ணெண்ணெயில் ஓடின. ஓடும், ஆனால் டீசல் பம்புக்கு டீசல்தான் ஒயில், மண்ணெண்ணெயில் அந்த வழுவழுப்புப் போதாது, பம்பு உள்ளே தேயும். அதற்காகக் கொஞ்ச என்ஜின் ஒயிலைக் கலந்து ஊற்றுவார்கள். பின்னால் வருகிறவன் வெள்ளைப் புகைக்குள் காணாமல் போவான்.

ஒஸ்ரின் 2009 இல் எங்களோடு வரவில்லை.

24 மே

தம்பி தன் வேலையை வைத்துச் சரியாகப் பிடித்துவிட்டார்: "அண்ணை, நான் திருத்துகிற மெசினும் அப்படித்தானே, பெற்றோலில் ஸ்ரார்ட், மண்ணெண்ணெயில் ஓட்டம்." அதேதான். உமது கையில் எப்போதும் ஒரு பெற்றோல் கான், ஒரு மண்ணெண்ணெய்க் கான் இருக்கும். டீசல் வாகன் எடுத்தால் மூன்றாவது எண்ணெய் ஒன்று உமது வாழ்க்கைக்குள் வருகிறது. வயல்காரர் வீட்டில் ட்ராக்டருக்கு டீசல் பரல் நிற்கும், அவர்களுக்கு டீசல் வாகன் பொருந்தும். உமக்கு?

என் டீசலுக்கு ஒரு செட்டில் பொடியன் பெற்றோல் அடித்திருக்கிறான், பத்து லீற்றர். பெற்றோல் டீசல் பம்பைக் காயவிட்டுத் தேய்க்கும். நல்ல காலம், சாவியைத் திருப்புவதற்கு முதல் மணம் வந்தது. டாங்கியை இறக்கிக் கழுவி மூன்று மணித்தியாலம் போனது. பொடியனை ஏசவில்லை, போனில் கதைத்துக்கொண்டு நின்றவன் நான்.

25 மே

வேறொருவர் கேட்கிறார், பழைய டீசல் வேண்டாமென்றால் புது மாதிரி டீசல் வாகன் எடுக்கலாமே, 1,364 சீசீ, கொமன் றெயில் என்கிற உயர் அழுத்த நொசில் முறை, லீற்றருக்கு நன்றாக ஓடுமே என்று. ஓடும். ஆனால் அதன் நொசில்கள் ஊசித்துளையிலும் சின்னத் துளைக்காரர், கள்ள எண்ணெய் தாங்காது. பழைய பம்பு மண்ணெண்ணெய் கலந்ததைக் கொஞ்சக்காலம் விழுங்கிக்கொண்டு ஓடும், இது விழுங்காது. மண்ணெண்ணெய் 178, டீசல் 274. இந்த இடைவெளி இருக்கும்வரை யாராவது கலப்பான். அதற்குப் பயந்து சுத்தம் கூடிய சுப்பர் டீசல் அடிக்கலாம் என்றால் அது 325. பெற்றோல் 92 இன் விலையை விட முப்பத்திரண்டு ரூபா கூட. மிச்சம் பிடிக்கவென்று டீசல் வாங்கி, பெற்றோலை விட விலை கூடிய டீசல் அடிப்பது எந்த ஊர்க் கணக்கு?

தண்ணீரும் அப்படித்தான். றோட்டோரப் பரலில் வாங்கினால் டீசலோடு தண்ணீரும் வரும். வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கு எரியும், அது அம்மனின் அருள். உமது நொசிலுக்கு அந்த அருள் கிடையாது.

2 ஜூன்

எண்ணெய்ப் பஞ்சம் வந்த 2022 ஐ ஒருவரும் பேசவில்லையே என்று பார்த்தேன். நானே பேசுகிறேன்.

அந்த ஜூன் கடைசியில் பெற்றோல் 92 470 ரூபா, ஓட்டோ டீசல் 460. பத்து ரூபா வித்தியாசம், இரண்டும் இல்லை. அப்போது என்னிடம் பெற்றோல் வாகன், வாழ்நாளில் முதல் தடவை மாறியதற்கு நொந்துகொண்டேன். ஏனென்றால் எங்கள் பக்கம் மோட்டார் சைக்கிள், ஓட்டோ எல்லாமே பெற்றோல். வரிசை செட்டிலிருந்து அடுத்த சந்திவரை போகும். டீசல் வரிசையில் வாகனம் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் லொறி, ட்ராக்டர், பஸ், ஒன்று குடித்தாலே பவுசரில் பாதி. இரண்டு வரிசையிலும் ஆட்கள் பாய் போட்டுப் படுத்தார்கள். பிறகு கியூஆர் கோட் காட்டி எண்ணெய் எடுக்கிற பங்கீடு வந்தது, காருக்கும் வானுக்கும் கிழமைக்கு இருபது லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நாலு. இருபது லீற்றரில் என் வாகன் 240 கிலோமீற்றர் ஓடும், பழைய டீசலென்றால் 280. அந்த நாற்பது கிலோமீற்றர் என்றால் புதுக்குடியிருப்புக்கு ஒரு வழி ஓட்டம். கியூஆரை 2023 செப்டெம்பரில் நிறுத்தும்வரை ஒவ்வொரு கிழமையும் அந்த நாற்பதை நினைத்தேன்.

மண்ணெண்ணெய் அந்த ஓகஸ்டில் 87 இலிருந்து ஒரே இரவில் 340 ஆனது. அதை எங்களை விட முல்லைத்தீவுக் கடற்கரையில் கேட்க வேண்டும். மண்ணெண்ணெயில் ஓடுகிற வெளியிணைப்பு மெசின் பூட்டிய படகுகள் வரிசையாக ஏறிக் கிடந்தன.

ஆக, பஞ்சம் வந்தால் எது நல்லது என்று கேட்டால், மாட்டுவண்டில்.

11 ஜூன்

6 மே இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். புகை, சத்தம், வயது என்று காரணம் சொல்லியிருக்கிறேன். பொய்யில்லை, ஆனால் அதற்காக நான் டீசலை விற்கவில்லை. தம்பி காசு போடப் போகிறார், அதனால் சொல்கிறேன்.

2018 டிசம்பர் வெள்ளம். இரணைமடு நிறைந்து கதவு திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போன அந்த மழை. நான் புதுக்குடியிருப்பிலிருந்து திரும்பி வருகிறேன், முரசுமோட்டைப் பக்கம் றோட்டைக் குறுக்கறுத்துத் தண்ணீர் ஓடுகிறது. முன்னால் ஒரு பெற்றோல் கார் நின்றுவிட்டது, டிஸ்ரிபியூட்டர் நனைந்து. நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் இல்லை, கொயில் இல்லை, நனைய என்ன இருக்கிறது? ஒன்பது வருடம் எல்லாருக்கும் சொல்லி வந்த பெருமை. இரண்டாம் கியரில் இறக்கினேன். நடுவில் ஒரு பள்ளம், முன் மூக்கு கீழே போனது, ஒரு "டக்", அவ்வளவுதான்.

காற்று இழுக்கிற வாயால் தண்ணீர் உள்ளே போய்விட்டது. இரண்டாயிரம் சீசீ டீசலில் ஒரு சிலிண்டர் அரை லீற்றர் காற்றை இழுக்கும், பிஸ்டன் மேலே வரும்போது அதற்கு மிஞ்சுகிற இடம் இருபத்தைந்து மில்லிலீற்றர்கூட இல்லை. காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. இரண்டு தேக்கரண்டி மருந்து போதும் என்பது போல அந்தளவு தண்ணீர் போதும், பிஸ்டனைத் தாங்குகிற கொன்றொட் வளைந்துவிட்டது. சிரித்தேனே, அந்தக் கார்க்காரர் மறுநாள் பிளக்கைத் துடைத்து, காயவைத்து, ஓட்டிக்கொண்டு போய்விட்டார். என்னுடையது ட்ராக்டரில் கட்டி இழுக்கப்பட்டது.

என்ஜினைப் பிரித்துச் செய்த பிறகு அது பழைய வாகனாக இருக்கவில்லை. ஒயில் குடித்தது, சூடேறியது. பிரித்தபோது இன்னொன்றும் தெரிந்தது, றேடியேற்றர் குழாய்கள் பாதி கல்லாகிப்போய் இருந்தன. எங்கள் கிணற்றுத் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு. ஒன்பது வருடமும் கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றினேன், கூலன்ற் காசு மிச்சமென்று. பழைய டீசல் ஹெட் சூட்டுக்கு வெடிக்கும் என்று சனம் என்ஜினை ஏசுகிறது, அதில் பாதியை எங்கள் வாளிக்குத்தான் ஏச வேண்டும்.

ஆக, டீசல் என்னைக் கைவிடவில்லை. தண்ணீருக்குள் இறக்கியவன் நான். கோபத்தில் பெற்றோலுக்கு மாறிவிட்டு ஆறு வருடமாகக் "புகை, சத்தம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

12 ஜூன்

இரண்டு தேக்கரண்டி என்று எழுதியதைப் பார்த்து மகள் திருத்துகிறாள், ஒரு தேக்கரண்டி ஐந்து மில்லிலீற்றர், அப்படியென்றால் ஐந்து தேக்கரண்டி அளவு வரும் என்று. சரி, ஐந்து.

22 ஜூன்

தம்பி கடைசியில் டீசலைப் பார்க்காமல் விட மனமில்லை என்றார், என்னையும் கூப்பிட்டார். வாகன் நிற்பது வவுனியாவில். காலை ஏழு மணிக்கு வருகிறோம், அதற்கு முதல் ஸ்ரார்ட் பண்ண வேண்டாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். போய் இறங்கியதும் நான் செய்தது பொனற்றில் உள்ளங்கையை வைத்ததுதான். சுடுகிறது. "மகனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வந்தேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை.

சரி, வந்ததற்குப் பார்ப்போம் என்று ஒயில் ஊற்றுகிற மூடியை ஓடவிட்டுத் திறந்தோம், கேத்தில் மூக்குப் போல ஊதியது. கம்பிரஷன் றிங்கைத் தாண்டி வருகிறது என்று அர்த்தம். ஆளைக் கொண்டு மிதிக்கவைத்தால் முதலில் நீலம், பிறகு கறுப்பு. கறுப்பென்றால் பம்பையும் நொசிலையும் பார்த்துத் தப்பலாம், நீலமென்றால் ஒயில் எரிகிறது, தப்ப முடியாது. அதையும் விடுவோம், வாகனப் பதிவுப் புத்தகத்தைக் கேட்டு என்ஜின் இலக்கத்தை ஒப்பிட்டால் அடித்திருக்கிற இலக்கம் வேறு. யாரோ எப்போதோ வேறு என்ஜின் இறக்கிப் பூட்டி, புத்தகத்தில் மாற்றவில்லை. இதை வாங்கினால் எண்ணெயை விடக் கந்தோர் படிக்கட்டில்தான் கூட ஓட்டம்.

வவுனியாவில் தோசை சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டோம். தோசை நன்றாக இருந்தது.

1 ஜூலை

விலை மாறிவிட்டது. பெற்றோல் 305, டீசல் 289, மண்ணெண்ணெய் 185. பெற்றோலுக்குப் பன்னிரண்டு, டீசலுக்குப் பதினைந்து ஏறியிருக்கிறது. இடைவெளி பத்தொன்பதிலிருந்து பதினாறு. 7 மே கணக்கை இந்த விலையில் திரும்பப் போட்டால் மிச்சம் நூற்றுக்குப் பத்தொன்பதை எட்டாமல் நிற்கிறது. சுப்பர் டீசல் 325 இலேயே இருக்கிறது.

அதற்காக டீசல் செத்துவிட்டது என்று நான் சொன்னதாக ஒருவரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். மாங்குளத்திலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றுகிற ஒருவர் என்னிடம் கேட்டால் இன்றைக்கும் டீசல் என்றுதான் சொல்வேன், யோசிக்காமல். நிற்காமல் முந்நூறு கிலோமீற்றர் பாரத்தோடு போகிறவனுக்கு அதை அடிக்க ஒன்றுமில்லை. அவன் வேலை வேறு. எட்டு வயலில் எட்டுத் தரம் நிற்கிறவரின் வேலை வேறு. நான் 5 மே இல் பதில் சொன்னது என் 2010 க்கு, தம்பியின் 2025 க்கு அல்ல.

வெயிலில் பாரத்தோடு ஏ.சி போட்டால் பெற்றோல் 12 ஓடாது, 10 என்று வையும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரிதான். இறைப்பு மெசின் திருத்துகிறவர் ஏ.சி போட்டுக்கொண்டு வயலுக்குப் போனால் கூலி கேட்க முடியாது என்று தம்பி பதில் சொல்லியிருக்கிறார்.

9 ஜூலை

பெற்றோலை எடுத்துவிட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வாகன், பின்னுக்கு ஏற்றியது புத்தகமும் பேரப்பிள்ளைகளும்தான். குளிரில் ஸ்ரார்ட் பண்ணிப் பார்த்தோம், அரைத் திருப்பு. ஒயில் மூடி ஊதவில்லை, இலக்கம் பொருந்தியது. பின் ஸ்பிறிங் மட்டும் கொஞ்சம் இருந்துவிட்டது, இரண்டு மெசினும் வெல்டிங் பிளான்டும் ஏற்றினால் பின்பக்கம் குந்தும், ஸ்பிறிங்கை மாற்றச் சொன்னேன். நானூறு கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்றும் சொன்னேன், கேட்பாரோ தெரியாது, நான் கேட்கவில்லை.

12 ஜூலை

இரவு பத்து மணிக்குத் தம்பி போன் எடுத்தார். குரலில் பதற்றம். "அண்ணை, வாகனுக்குள் ஒரே பெற்றோல் மணம், டாங்கி ஒழுகுது போல, வாத்தியார் ஏமாற்றிப்போட்டாரோ?" கண்ணாடி எல்லாம் இறக்கிவிடும், நெருப்புக்குச்சி கிட்டக் கொண்டுபோக வேண்டாம், கீழே படுத்து டாங்கியைப் பாரும் என்றேன். பார்த்தார், காய்ந்திருக்கிறது. குழாயைப் பாரும் என்றேன். காய்ந்திருக்கிறது. பத்து நிமிடம் இருவரும் போனில் தேடினோம்.

பின்சீட்டுக்குப் பின்னால் அவருடைய பெற்றோல் கான். மெசின் ஸ்ரார்ட் பண்ணுகிற கான். மூடி இல்லை. வவுனிக்குளத்தில் யாரோ ஒருவரின் வரம்பில் கிடக்கிறதாம்.